காவலில் போன உயிருக்கு அரசின் பொறுப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சட்டம் படிக்காத பலரும் இந்த அவையில் இருப்பதால், கோட்பாடுகளுக்குப் போகும் முன் ஒரு வழக்கை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்தில் ஜெராய்கேலா என்ற ஊரில் ஒரு புறக்காவல் நிலையம். 1987 டிசம்பர் 1ஆம் தேதி காலையில், ஒரு திருட்டு வழக்கை விசாரிக்க வேண்டும் என்று 22 வயது இளைஞர் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். இரவு தாயார் அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் அந்த இளைஞரின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. உடம்பெல்லாம் காயம்.

போலீஸ் தரப்பு சொன்னது இதுதான். இரவு மூன்று மணி வாக்கில், கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு கைதி தப்பி ஓடிவிட்டார். ஓடியவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். 1988 செப்டம்பரில் தாயார் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம், சுந்தர்கர் மாவட்ட நீதிபதியை விசாரித்து அறிக்கை தரச் சொன்னது. அடித்துத்தான் கொன்றிருக்கிறார்கள் என்று அவர் அறிக்கை தந்தார். அரசு அதை மறுத்தது. 1993 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நீலாபதி பெஹரா வழக்கு என்று சட்டக் கல்லூரி மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

நீதிபதி ஜே.எஸ். வர்மா எழுதிய அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது அரசமைப்புச் சட்டம் பற்றிய பகுதியைவிட, போலீஸ் சொன்ன கதையை அவர் ஆராய்ந்த விதம். கைதி தப்பியது உண்மை என்றால் போலீஸ் அவரைத் தேடியிருக்க வேண்டும். தேடியதற்கு நம்பத்தகுந்த சாட்சியம் எதுவும் இல்லை. தண்டவாளத்தில் உடல் கிடப்பதைக் காலையில் பார்த்தவர்கள் ரயில்வே ஊழியர்கள். காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது வெகுநேரம் கழித்து. தப்பி ஓடிய கைதியைப் பற்றி இவ்வளவு நிம்மதியாக இருந்த போலீஸார் எங்காவது உண்டா? பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர், மழுங்கிய கனமான பொருளால் ஏற்பட்ட காயங்கள் அவை, லத்தியாலும் ஏற்பட்டிருக்கக் கூடும் என்றார். காவலில் எடுத்தவர்கள்தான் விளக்க வேண்டும், அவர்களுடைய விளக்கம் நிற்கவில்லை, ஆகவே அரசு பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தாயாருக்கு 1,50,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

காவலில் எடுத்தவர்தான் விளக்க வேண்டும் என்ற இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் என் பேச்சு முழுவதும் இருக்கும். 1993இல் ஒரு தாய்க்குக் கிடைத்த இந்த நியாயம் இன்றுவரை சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. ஏற்ற வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

ஏன் ஏறவில்லை என்பதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கல்கத்தாவில் கிதர்பூர் கப்பல் பட்டறை அருகே, அரசுத் தொழிலாளர்கள் ஒரு கனமான இரும்பைச் சுமந்து சாலையைக் கடந்தார்கள். எதிரே ஒரு குதிரை வண்டி வந்தது. பதறி இரும்பைக் கீழே போட்டார்கள், குதிரை மிரண்டு காயப்பட்டது. வண்டியின் சொந்தக்காரர்களான பி அண்டு ஓ கப்பல் கம்பெனி நஷ்ட ஈடு கேட்டது. 1861இல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக், கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரியாகச் செய்யும் காரியம் வேறு, ஆட்சியாளராகச் செய்யும் காரியம் வேறு என்று பிரித்தார். கப்பல் பட்டறை வேலை யாரும் செய்யக்கூடியது. ஆகவே அரசு ஈடு கொடுக்க வேண்டும். குதிரைக்காரருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் போகிற போக்கில் போட்ட அந்தப் பிரிவினை, இறையாண்மைச் செயலுக்கு அரசைக் கேட்க முடியாது என்ற விதியாகப் பின்னால் இறுகிப்போனது.

சென்னை உயர் நீதிமன்றம் இதே வழியில் போகவில்லை. 1882இல் ஹரி பான்ஜி என்ற உப்பு வரி வழக்கில், உள்நாட்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லி அரசு ஒரு காரியம் செய்தால் அந்தச் சட்டத்தின்படியே அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம், அயல்நாட்டோடு நடக்கும் போர், உடன்படிக்கை போன்றவை மட்டுமே விலக்கு என்ற கருத்தைச் சொன்னது. இந்தக் கருத்து வென்றிருந்தால் இன்றைய பேச்சுக்கே தேவை இருந்திருக்காது. சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட ஆணையம் தன்னுடைய முதல் அறிக்கையாக 1956இல் எழுதியதே அரசின் தீங்கியல் பொறுப்பு பற்றித்தான். பழைய பிரிவினையை விட்டுவிட்டு ஒரு சட்டம் இயற்றுங்கள் என்றது. அறுபதுகளில் மசோதாவும் வந்தது, காலாவதியும் ஆனது. அவ்வளவுதான் அதன் கதை.

அந்தச் சட்டம் இல்லாததன் விலையை மீரட்டில் ஒரு நகை வியாபாரி கொடுத்தார். 1947 செப்டம்பரில், பிரிவினைக் கலவரக் காலத்தில், அமிர்தசரஸிலிருந்து தங்கமும் வெள்ளியும் விற்க வந்தவரைப் போலீஸ் பிடித்து ஓர் இரவு அடைத்து வைத்தது. மறுநாள் விடுதலை. பிற்பாடு வெள்ளியைத் திருப்பித் தந்தார்கள். தங்கம் போலீஸ் பொருளறையில் இருந்தது. அதற்குப் பொறுப்பான தலைமைக் காவலர் தங்கத்தை எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் போய்விட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர்பெற்ற இதில், பொருளைப் பாதுகாப்பதில் போலீஸார் அப்பட்டமாகக் கவனம் தவறியதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் இறையாண்மைச் செயல்கள் என்று சொல்லி, வியாபாரிக்கு ஒன்றும் கிடையாது என்று 1964இல் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் இந்த முடிவை மகிழ்ச்சியோடு எழுதவில்லை. இங்கிலாந்தே 1947இல் முடியரசுக்கு எதிராக வழக்குத் தொடுக்கச் சட்டம் செய்துவிட்டது, நம் சட்டமன்றங்களும் செய்ய வேண்டும் என்று சேர்த்து எழுதினார்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் அதே நீதிமன்றம், உதய்பூர் கலெக்டரின் ஜீப் பட்டறையிலிருந்து திரும்பும்போது மோதி இறந்த ஒருவருடைய குடும்பத்துக்கு ராஜஸ்தான் அரசு ஈடு தர வேண்டும் என்று சொல்லியிருந்தது. அதாவது அரசு ஜீப் உங்களைக் கொன்றால் கேட்கலாம், அரசு லத்தி கொன்றால் கேட்க முடியாது என்ற இடத்தில் 1964இல் நம் சட்டம் நின்றது.

அடகுக் கடைக்காரரிடம் நகையை வைக்கிறோம். நகை காணாமல் போனால், எப்படிப் போனது என்று நாமா நிரூபிக்கிறோம்? அவர்தான் சொல்ல வேண்டும். நம் ஒப்பந்தச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. பறிமுதல் செய்த லாரிகளை அரசு இப்படித்தான் பத்திரமாக வைத்திருக்கக் கடமைப்பட்டது என்று 1967இல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. லாரிக்கு ஏற்றுக்கொண்டதை மனிதருக்கு ஏற்றுக்கொள்ள இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் கதவு முதலில் திறந்தது ஒரு சிறைவாசிக்காக. பீகாரில் ருதுல் ஷா என்பவரை 1968இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. சிறை அவரை விட்டது 1982இல். இனிமேலாவது விடுங்கள் என்று மட்டும் உத்தரவு போட்டால் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமைக்கு ஒரு பொருளும் இருக்காது என்று சொல்லி, ரிட் மனுவிலேயே பண ஈடு தர 1983இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1989இல் டெல்லியில் போலீஸ் அடித்ததில் இறந்த ஒன்பது வயதுக் குழந்தையின் தாய்க்கு 75,000 ரூபாய். பிறகு நீலாபதி பெஹரா. அதில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது, அடிப்படை உரிமை பறிபோன வழக்கில் இறையாண்மை என்ற கேடயத்தை அரசு தூக்க முடியாது என்று. 1996இல் டி.கே. பாசு வழக்கு அதை உறுதிசெய்து, கைதின்போது கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளையும் தந்தது. இன்று ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் அவை எழுதியிருக்கின்றன. படித்துப் பாருங்கள்.

இங்கே மாணவர்கள் என்னை நிறுத்திக் கேட்பார்கள்: நீதிமன்றமே செய்துவிட்டதே, இனி எதற்குச் சட்டம்?

அவர்களுக்கு நான் காட்டுவது ஆந்திராவின் கோயில்குண்ட்லா கிளைச் சிறை. 1977 மே மாதம் ஓர் இரவில், தந்தையும் மகனும் அடைபட்டிருந்த அறைக்குள் எதிரிகள் வெடிகுண்டு வீசினார்கள். தந்தை இறந்தார், மகன் பிழைத்தார். உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காவலுக்குப் பல போலீஸார் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். மகன் சிவில் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றம் 1,44,000 ரூபாய் தரச் சொன்னது. அதை எதிர்த்து அரசு மேலே போனது. உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 2000ஆம் ஆண்டில். 23 ஆண்டுகள்! கஸ்தூரிலால் தீர்ப்புக்கு இனி வலுவில்லை என்று நீதிபதிகள் அதில் எழுதினார்கள். ஆனால் அதை ரத்து செய்ய அதைவிடப் பெரிய அமர்வு தேவைப்படும், அது நடக்கவில்லை. ஐந்து நீதிபதிகள் எழுதிய கஸ்தூரிலால் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. எந்த அரசு வழக்கறிஞரும் அதை எடுத்துப் படிக்கலாம்.

ரிட் மனு என்ற வழி விரைவானது. ஆனால் குறுகியது. 2006இல் சுபே சிங் என்ற ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லை கட்டியது. உரிமை மீறல் மறுக்க முடியாதபடி வெளிப்படையாக இருந்தால்தான், மரணமோ மருத்துவச் சான்றோ தெரியும் காயமோ இருந்தால்தான், ரிட் மனுவில் பணம் கேட்கலாம். மற்றவர்கள் சிவில் நீதிமன்றம் போகட்டும். பொய்ப் புகார்கள் வரும் என்ற கவலை அதன் பின்னே இருந்தது. அந்தக் கவலை புரிகிறது. ஆனால் மறுக்க முடியாத சான்று யாரிடம் இருக்கும்? நிலையத்தின் பொது நாட்குறிப்பு போலீஸிடம். கேமரா பதிவு போலீஸிடம். பக்கத்து லாக்கப்பில் இருந்தவர் போலீஸைப் பார்த்துப் பயந்தவர். மீதியிருப்பது பிரேதம் ஒன்றுதான்.

இதை நன்றாகச் சொன்னது 1985இல் தீர்ப்பான ராம் சாகர் யாதவ் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் லஞ்சம் கேட்ட போலீஸ்காரர் மேல் புகார் கொடுத்த ஒரு விவசாயி, 1969இல் அதே காவல் நிலையத்தில் அடிபட்டார். ரிமாண்டுக்காகக் கொண்டுபோனபோது அவரால் நடக்க முடியவில்லை. வராந்தாவில் கிடந்தவரிடம் மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் பெற்றார். அன்றே இறந்தார். அந்த ஒரு வாக்குமூலம் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. நடந்தது என்ன என்று சொல்லக்கூடியவர்கள் போலீஸார் மட்டுமே, அவர்கள் தங்களுக்குள் உள்ள பற்றால் வாய் திறக்க மாட்டார்கள், மெய்ப்பிக்கும் சுமையை மாற்றுவது பற்றி அரசு யோசிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு சட்ட ஆணையம் 113ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது: காவலில் இருந்த காலத்தில் காயம் ஏற்பட்டது என்று காட்டினால், அந்தக் காயத்தை அந்த அதிகாரிதான் ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. 1994இல் மறுபடி சொன்னார்கள். 2017இல் மறுபடி சொன்னார்கள். பிறகு சாட்சியச் சட்டமே புதிய பெயரில் புதிதாக வந்தது. அதிலும் அந்தப் பிரிவு இல்லை.

நம் ஊரில் பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் ஒரு செய்தி பழக்கம். கைதி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், கையில் மாவுக்கட்டு. இதைச் சிரித்துக்கொண்டே பகிர்கிறோம். திருடன் என்று நாம் முடிவு கட்டியவரின் கை முறிந்ததில் பலருக்கு ஒரு திருப்தியும் இருக்கிறது. இந்தத் திருப்திதான் லாக்கப் மரணத்துக்கு முந்திய படி என்று நான் நினைக்கிறேன். கை முறிந்தபோது விளக்கம் கேட்காத சமூகம், உயிர் போன பிறகு கேட்கும்போது நிலையத்தில் அந்தப் பழைய பதில் தயாராக இருக்கிறது.

இது நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க 1854இல் கம்பெனி அரசு ஒரு குழு அமைத்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் குழுவின் அறிக்கை 1855இல் வெளிவந்தது. விரல்களை நசுக்கும் கிட்டியும், ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாளும் அந்த ஆங்கில அறிக்கையில் தமிழ்ப் பெயராலேயே இடம்பெற்றிருக்கின்றன. வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் ஒரே ஆட்கள், ஒரே முறை. என்னை அதில் தடுத்து நிறுத்துவது சித்திரவதைப் பட்டியல் அல்ல. பாதிக்கப்பட்டவர் நியாயம் கேட்க முடியாமல் போவது எதனால் என்று குழு சொன்ன காரணங்கள்தான்: தூரம், செலவு, பயம், அடித்தவரிடமே புகார் சொல்ல வேண்டிய நிலை. அந்த அறிக்கைக்குப் பிறகு வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்து 1859இல் சென்னைக்கும், 1861இல் நாட்டுக்கும் போலீஸ் சட்டம் வந்தது. அமைப்பு மாறியது. நியாயம் கேட்கும் வழி மாறவில்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். அரசுப் பேருந்து மோதி ஒருவர் இறந்தால் என்ன நடக்கும் என்று இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள், இத்தனை வயதுக்கு இத்தனை பெருக்கி என்று 2009இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கணக்கையே வகுத்துத் தந்திருக்கிறது. போக்குவரத்துக் கழகம் பணம் கட்டாவிட்டால் பேருந்தை ஜப்தி செய்து நீதிமன்ற வாசலில் நிறுத்துகிறார்கள். காவலில் இறந்தவருக்கு இப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. எந்த அமர்வு, எந்த ஆண்டு, பத்திரிகைகள் எவ்வளவு எழுதின என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. 2020இல் சாத்தான்குளத்தில் இறந்த தந்தைக்கும் மகனுக்குமாக அரசு 20 லட்சம் அறிவித்தது. 2025இல் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளியின் மரணத்தில், அரசு கொடுத்த ஏழரை லட்சத்தோடு இன்னும் 25 லட்சத்தை இடைக்கால இழப்பீடாகத் தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இந்தத் தொகைகள் அதிகம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேமரா கூடப் போகாத ஊரில் இறந்த ஒருவருடைய மனைவி எந்த அளவுகோலைக் காட்டிக் கேட்பார் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் என்னை வருத்துகிறது. சாவுக்கு மறுநாளே அமைச்சர் வீட்டுக்கு வந்து காசோலையும் வேலை நியமன ஆணையும் கொடுக்கிறார். குடும்பத்துக்கு அது தேவை. வாங்கிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்தக் காசோலையோடு, என்ன நடந்தது என்ற ஒரு தாள் வருவதில்லை. சாத்தான்குளத்தில் அந்தத் தாளைப் பெற எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டையே நிலையத்தில் அவமதித்தார்கள். கேமரா பதிவு அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததை ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்து பயந்து சொன்னதால்தான் வழக்கு நிமிர்ந்தது. அவருடைய துணிவைச் சட்டம் படிப்பவர்கள் மறக்கக் கூடாது. ஆனால் ஒரு தனி மனிதரின் துணிவை நம்பி ஒரு நாடு தன் நீதியை வைத்துக்கொள்ள முடியாது.

அரசு கொடுக்கும் பணம் நம் வரிப்பணம்தானே, தவறு செய்த அதிகாரி தரட்டும் என்பவர்கள் உண்டு. அதிகாரியிடமிருந்து வசூலிக்க வேண்டும், சந்தேகமே இல்லை. 1989இல் டெல்லிக் குழந்தையின் வழக்கிலேயே அப்படி வசூலிக்க வழிவிட்டார்கள். மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவுகளில் சம்பளத்தில் பிடிக்கச் சொல்வதும் வழக்கம். ஆனால் குடும்பத்துக்கு முதலில் கொடுக்க வேண்டியது அரசுதான். அந்தக் காக்கிச் சட்டையும் லத்தியும் நிலையச் சாவியும் நம் பெயரால் கொடுக்கப்பட்டவை. வரி கட்டுபவருக்கு இந்தச் செலவு உறுத்தினால் நல்லது. உறுத்தட்டும்.

அப்படியானால் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? காவலில் எடுத்த நேரத்திலிருந்து விடும் நேரம் வரை ஏற்படும் மரணத்துக்கும் கடுங்காயத்துக்கும், அரசு வேறுவிதமாக நிரூபிக்காதவரை, அரசே பொறுப்பு என்று ஒரு பிரிவு வேண்டும். குற்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிவில் பொறுப்புக்கு அதற்கான அளவு சான்று போதும். விபத்துத் தீர்ப்பாயத்தில் இருப்பது போல ஒரு கணக்கு முறை, அதற்கு மேல் சித்திரவதைக்கென்று ஒரு தனித் தொகை. பிரேதப் பரிசோதனை வீடியோவும் அறிக்கையும் குறித்த நாட்களுக்குள் குடும்பத்தின் கையில் கிடைக்க வேண்டும். 2020இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கேமரா பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொன்னது. பதிவு இல்லை என்று நிலையம் சொன்னால், அந்த இல்லாமையே அரசுக்கு எதிரான சான்றாக வேண்டும். நீதித்துறை நடுவர் விசாரணை 2006 முதல் கட்டாயம்; அவர் அறிக்கை அலமாரியில் கிடக்காமல், அதையே இழப்பீட்டு மனுவாக ஏற்கும் ஏற்பாடு வேண்டும். குடும்பம் வழக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. 1855இல் எழுதிய தூரமும் செலவும் பயமும் அப்போதுதான் கொஞ்சமாவது குறையும்.

டெல்லி செய்யட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை. ஆனால் அரசின் பொறுப்பைப் பழைய கம்பெனிக் காலத்தோடு கட்டிப்போட்டதாகச் சொல்லப்படும் அரசமைப்புச் சட்டத்தின் 300ஆம் உறுப்பை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ வேறு சட்டம் செய்தால் அதற்கு உட்பட்டே அந்தப் பழைய நிலை தொடரும் என்று அதிலேயே இருக்கிறது. தீங்கியல் வழக்குகள் பொதுப்பட்டியலின் 8ஆம் இனத்தில் வருகின்றன. ஆகவே இந்தச் சட்டத்தைச் செய்ய அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், எந்த மாநிலமும் இன்னொரு மாநிலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டையில் கூடும் நம் சட்டமன்றம் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவரலாம். வரைவு எழுதித் தர இந்த அவையிலேயே வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள்.